முன்னுக்குப் போங்கோ

சரளைக்கல் போட்ட கிரவல் பாதையில் சைக்கிள் ஓட விரும்புகிறவர்கள் முதலில் டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கவேண்டும். பலருக்கு இது தெரிவதில்லை. கல்லுமாதிரி காற்றடித்துக்கொண்டு வந்து, பிறகு கை உளைகிறது, இடுப்பு உளைகிறது என்று புலம்புவார்கள். எங்கள் கூட்டத்தில் யார் புதிதாகச் சேர்ந்தாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பொலிஸுக்குக் கூப்பிட்டு நீங்கள் மதீசனைப் பற்றிக் கேட்டீர்கள், கமிசாரின் அம்மா. அதற்குத்தான் வருகிறேன். பக்கத்தில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர் தங்கச்சி ஒன்றையும் விடாமல் சொன்னால் போதும். எனக்கு டொச் மொழி தெரியாமல் இல்லை. ஜேர்மனிக்கு வந்து, இந்த வுப்பர்டாலில் ஓய்வு பெறும்வரை பஸ் ஓட்டியவன் நான். ஆனால் கோபத்தைத் தமிழில் சொன்னால்தான் கூட்டாமல் குறைக்காமல் சொல்லமுடிகிறது.

என் பெயர் நித்தியானந்தன். எல்லோருக்கும் நித்தி அண்ணை. ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே சைக்கிள் ஓடும் தமிழ்ச்சனத்துக்கு நான்தான் தலை. பழைய ரயில்பாதையைச் சைக்கிள் பாதையாக மாற்றியிருக்கிறார்களே, அதில் கூடுவோம். வழியில் வரும் ரயில் சுரங்க வாசலுக்கு வந்ததும் எல்லோரும் பிரேக் பிடிப்பார்கள். "அண்ணை, முன்னுக்குப் போங்கோ" என்பார்கள். நான் உள்ளே போன பிறகுதான் மற்றவர்கள் மிதிப்பார்கள். அப்படி ஒரு சட்டம் நான் போடவில்லை. அது தானாக வந்த மரியாதை.

மதீசன் டோர்ட்மண்டில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் கூட்டத்தில் ஓடும் ஆதிரையைக் கல்யாணம் முடித்து இந்தப் பக்கம் வந்தான். வந்த முதல் ஞாயிறே சுரங்க வாசலில் பிரேக் பிடிக்காமல் என்னைத் தாண்டிப் போனான். போனதோடு விட்டானா? உள்ளேயிருந்து "பள்ளம், அண்ணை! இடப்பக்கம் கண்ணாடித்துண்டு, அண்ணை!" என்று கத்தினான். சுரங்கம் முழுக்க அவன் குரல்தான். அந்தப் பாதையில் எனக்குத் தெரியாத பள்ளம் ஒன்று இருக்கிறதா? பின்னால் வந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். அவர்களும் மெல்லமெல்ல வாசலில் நிற்பதை மறந்துபோனார்கள்.

பிறகு எனக்கு முழங்காலில் ஒப்பரேசன் நடந்தது. எழுந்து நடந்த கையோடு அறுபத்தைந்தாவது பிறந்தநாளும் வந்தது. மண்டபம் எடுத்தார்கள். ஆதிரை கேக் செய்துகொண்டு வந்தாள். எல்லோரும் கைதட்ட, மதீசன் ஒரு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். மோட்டார் பூட்டிய சைக்கிள். ஹாண்டிலில் பெரிய சிவப்பு ரிப்பன்.

"இனி ஏத்தத்தில நீங்கள் கஷ்டப்படத் தேவையில்லை அண்ணை. எங்களோடயே வரலாம்" என்றான்.

நான் சிரித்தேன். படங்களைப் பார்த்தால் தெரியும். ஆனால் அன்றைக்கு மூண்ட கோபம் இப்போது இந்த மேசைக்கு முன்னால் இருக்கும்போதும் அப்படியே எரிகிறது. ஒரு மனிதனைச் சபை நடுவில் நிறுத்தி, உன் காலம் முடிந்துவிட்டது என்று ரிப்பன் கட்டிக் கொடுத்தால், உங்களுக்குக் கோபம் வந்திருக்காதா? அந்தச் சைக்கிள் வீட்டுக்குக் கீழே கெல்லரில் நிற்கிறது. நான் ஒருநாளும் அதில் ஏறியதில்லை. வேண்டுமென்றால் ஆதிரை எடுத்துக்கொள்ளட்டும்.

வசந்தத்தில் இத்தாலியின் சார்டினியா தீவுக்குப் போவது எங்கள் வழக்கம். தீவின் நடுவே ஓர் அணைக்கட்டு ஏரி இருக்கிறது. அதைச் சுற்றிப் போகும் கிரவல் பாதைகள் மாதிரி ஐரோப்பாவில் வேறெங்கும் நான் கண்டதில்லை. ஒரு பக்கம் தக்கை மரங்கள், மறுபக்கம் தண்ணீர். மழை பெய்தால் பாதை சிவப்பாகும், காய்ந்தால் வெள்ளையாகும். செம்மறிகள் வழி விடாமல் நிற்கும், நாம்தான் இறங்கி உருட்டவேண்டும். நான் எப்போதும் மற்றவர்களுக்கு முன்னதாகவே போய், பாதைகளை ஓடிப் பார்த்து, போன் வரைபடத்தில் கோடு போட்டு எல்லோருக்கும் அனுப்புவேன். அந்தக் கோட்டைத்தான் அவர்கள் பின்தொடர்வார்கள். அந்த ஒரு வேலையாவது இன்னும் என்னிடம் இருந்தது.

ஏரியின் வடக்குப் பக்கம் ஒரு மேடு. மேட்டிலிருந்து பாதை வழுக்கிக்கொண்டு இறங்கி, ஒரு பாறையைச் சுற்றி வளைந்து, சின்னப் பாலம் ஒன்றில் ஏறும். இந்த முறை பாலம் இல்லை, அந்த இடத்தில் ஆழமான பள்ளம்தான். மாரிவெள்ளம் கொண்டுபோயிருந்தது. வளைவுக்கு முன்னாலேயே ஊர்க்காரர்கள் பலகை வைத்து, சிவப்பு வெள்ளை நாடா கட்டியிருந்தார்கள். நல்ல மனிதர்கள்.

இதை இத்தாலியப் பொலிஸிடம் நான் சொல்லவில்லை. அவர்கள் கேட்கவில்லை. நீங்கள் கேட்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். கோட்டை நான் மாற்றவில்லை. அந்தப் பாதையாகவே விட்டேன். மற்றவர்கள் கடற்கரைக்குப் போக விரும்பிய நாளில் மதீசனை மட்டும் கூப்பிட்டேன். "தம்பி, புதுப் பாதை ஒண்டு பாத்து வைச்சிருக்கிறன். வாறீரோ?" என்றேன். அவனுக்கு வந்த சந்தோசத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் நான் தனியாகப் போய் நாடாவை அவிழ்த்தேன். பலகையைப் பற்றைக்குள் வைத்தேன். எறியவில்லை. அடுத்தவர் பொருள், பத்திரமாகத்தான் வைத்தேன்.

மதீசனின் ஹாண்டிலில் பூட்டியிருந்த காமராவை ஆதிரைக்கு இப்போதுதான் திறந்து பார்க்க மனம் வந்ததாம். கீழே மல்லாந்து கிடந்த காமராவில், பாலம் இருந்த இடத்து விளிம்பில் என் சப்பாத்தும், கையில் நாடாச் சுருளும் விழுந்திருப்பதை நீங்கள் காட்டினீர்கள். என் சப்பாத்துத்தான். அந்த நாடாவை நான் திரும்பவும் அதே இடத்தில் கட்டினேன், பலகையையும் எடுத்து வைத்தேன். பின்னால் வருகிற யாராவது விழுந்தால் பாவமல்லவா? அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் மேட்டில் நாங்கள் பேசியது காமராவில் இல்லை. இறக்கம் தொடங்கும்போதுதான் அவன் அதைப் போட்டான். எனக்குச் சாதகமான விசயம் என்பதால் அதை நானே சொல்கிறேன்.

மேட்டில் மதீசன் பிரேக் பிடித்தான். இத்தனை வருடத்தில் முதல் தடவை. சைக்கிளை ஓரமாகச் சரித்து எனக்கு வழி விட்டான்.

"அண்ணை, இண்டைக்கு நீங்கள் முன்னுக்குப் போங்கோ. இது உங்கட பாதை" என்றான்.

அவன் தலைக்கவசத்தைக் கழற்றி நெற்றியைத் துடைத்தான்.

"உங்களுக்கு என்னில கோபம் எண்டு ஆதிரை சொன்னவா. நான் முன்னுக்குப் போறது பெரிய ஆளெண்டு காட்ட இல்லை அண்ணை. பள்ளத்தைக் கண்டால் சத்தம் போட்டுச் சொல்லலாமெண்டுதான். இப்ப உங்களுக்கு ஒப்பரேசன் செய்த கால் வேற. சடாரெண்டு பிரேக் பிடிச்சு ஊண்ட ஏலாதெல்லே."

இதற்காகத்தான் நான் வருடக்கணக்காகக் காத்திருந்தேன். ஒருவன் நின்று, வழி விட்டு, முன்னுக்குப் போங்கோ என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது. அது கிடைத்தது. மனம் குளிர்ந்தது என்றே சொல்லலாம். அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இருவரும் திரும்பி வந்து கோப்பி குடித்திருப்போம். அதுவும் எனக்குத் தெரியும்.

ஆனால் மரியாதை தருகிற பிள்ளைக்கு நாமும் மரியாதை தரவேண்டும். அப்படித்தான் நான் வளர்ந்தவன்.

"இல்லைத் தம்பி, நீர் முன்னுக்குப் போம்" என்றேன்.

அவன் சிரித்தான். தலைக்கவசத்தை மாட்டி, காமராவைப் போட்டு, பெடலை மிதித்தான். நான் மேட்டிலேயே நின்றேன். கற்கள் தெறிக்கும் சத்தம் வளைவுவரை கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவன் குரல் வந்தது. காமராவில் நீங்களும் அதைக் கேட்டிருக்கிறீர்கள். "அண்ணை, பள்ளம்! வராதேங்கோ அண்ணை!" திரும்பத் திரும்ப அதையே கத்தினான். குரல் நின்ற பிறகுதான் நான் இறங்கிப் போனேன்.

தங்கச்சி ஏன் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டா? சொல்லச் சொல்லுங்கள். விழுந்து கிடந்த நேரத்திலும் அவன் என்னைக் காப்பாற்றப் பார்த்தான் என்று அந்தப் பிள்ளை நினைக்கிறதுபோல. கண்ணைத் துடைக்கிறது. நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்கள், முகத்தில் தெரிகிறது. உங்களில் யாரும் அவனோடு சைக்கிள் ஓடியதில்லை. அவனை எனக்குத் தெரியும். உயிர் போகிற நேரத்திலும் எனக்குப் பாதை சொல்லித்தரத்தான் பார்த்தான்.