கால் பங்கு தண்ணி

அது கெடக்கட்டும் உபதேசியாரே, மொதல்ல இந்த ட்யூபு வாயக் கொஞ்சம் அழுத்திப் புடிங்க. காத்து எறங்குது பாருங்க. பூசைய நான் எங்க வேணாம்னேன்? வேணும்னும் சொல்லல, அவ்ளோதான். கரண்டு பூட்டுச்சி, தொட்டி மீனுக்கு மூச்சு முட்டும். சைக்கிள் பம்பும் அடிச்சி ட்யூபும் புடிக்க எனக்கு இன்னா மூணு கையா இருக்குது? ஆங், அப்படித்தான். லாரி ட்யூபு இது. ரொப்பி வெச்சிட்டா அந்தச் சின்ன கொழா வழியா கொமுளி கொமுளியா வந்துக்கிட்டே இருக்கும். கரண்டு வர்ற வரைக்கும் ஓட்டிடலாம்.

கெளம்பணுமா? இப்பதான வந்தீங்க. காப்பி ஆறுது, குடிங்க. அத்தை மாவு மில்லுக்குப் போயிருக்காங்க. கரண்டு இல்லாம அங்கதான் சாக்கு மேல உக்காந்திருப்பாங்க. அவங்க அழுகைக்குப் பயந்துதான அவங்க இல்லாத நேரமாப் பாத்து வந்தீங்க? என்கிட்ட அந்தப் பயம் வேணாம். நான் அழுது நீங்க எப்பனா பாத்திருக்கீங்களா?

தெரியும், தெரியும். கல்லறைத் திருநாளு வருது. அத்தை உங்க வூட்டு வாசல்ல வந்து நின்னு அழுதிருக்காங்க. புயலடிச்சி ரெண்டு வருசமாப் போவுது, தனுஷ்கோடி ரயிலு கடலோட போச்சி, அதுல எம்புள்ளையும் போனான், ஊரே சொல்லுது, கட்டினவ மட்டும் வாயத் தொறக்க மாட்டேங்கறான்னு. பொணமும் கெடைக்கல, பொண்டாட்டியும் சரின்னு சொல்லாம யாகப்பன் ஆத்துமாவுக்குன்னு எப்படிப் பூசை வெக்கறதுன்னு சாமியாரு கேட்டிருக்காரு. அதுக்குத்தான உங்கள அனுப்புனது? சொல்றேன் இருங்க. கையில வேலை இருந்தாத்தான் எனக்கு வாய் வரும்.

தொட்டி அழகா இருக்குதா? எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. கோட்டை பாக்க வர்ற ஜனங்ககூட விசாரிச்சிக்கிட்டு வந்து எட்டிப் பாத்துட்டுப் போவுது. இது எங்க வூட்டுக்காரரு வாங்குனது இல்ல. புதுச்சேரியில ஒரு வெள்ளைக்காரரு, அவரு ரேடியோ ரிப்பேரானா இவருதான் போவாரு. அந்த ஆளு கப்பலேறி ஊருக்குப் போவும்போது இந்தக் கண்ணாடித் தொட்டியக் குடுத்துட்டு, கூடவே பக்குவத்தையும் சொல்லிக்குடுத்துட்டுப் போனாரு. வந்த நாள்லேர்ந்து ரேடியோ கடையத் தொறக்கறாரோ இல்லையோ, இதுக்கு மின்னாடி உக்காந்துடுவாரு. நான் கூப்புட்டா திரும்ப மாட்டாரு. மீனு லேசா ஒதுங்கி நின்னாப் போதும், ஓடியாருவாரு. சிரிக்காதீங்க, நெசம்.

கடல் மீனாச்சே, கடல் தண்ணி எங்க கெடைக்குதுன்னா கேக்கறீங்க? மரக்காணம். திண்டிவனம் போய் பஸ்ஸு மாறணும். கரையோரத் தண்ணி ஆவாது, கட்டுமரக்காரங்ககிட்ட சொல்லி உள்ளேர்ந்து மொண்டாரச் சொல்லணும். தகரத்துல புடிக்கக்கூடாது, ஊறுகா ஜாடிதான். கண்டக்டரு ஜாடியப் பாத்து இன்னாம்மா சரக்குன்னான் ஒரு தபா. நாக்க நீட்டுன்னேன், ஒரு சொட்டு வுட்டேன். அதுலேர்ந்து ஜாடியப் பத்திக் கேக்கறதில்ல.

ஆனா மொத்தத் தண்ணியையும் ஒரேயடியா மாத்திட்டோம்னு வைங்க, அத்தனையும் செத்துப்பூடும். கால் பங்கு எடுத்துட்டுக் கால் பங்கு ஊத்தணும். பழசும் புதுசும் ஒண்ணுக்கொண்ணு பழகணும். வெய்யில்ல கொறையுற தண்ணிக்கு மட்டும் மழைத்தண்ணி. ஏன்னா தண்ணிதான் ஆவியாப் போவும், உப்பு எங்கயும் போவாது. கண்ணாடியில பாசி புடிச்சா தேங்கா நாரு போட்டுத் தேய்க்கணும். சோப்பு கூடாது, சாம்பல் கூடாது, புளி கூடாது. தின்னது போவ மிச்சம் கெடக்கற எறாலத் தேடி எடுத்துப் போடணும், இல்லாட்டி நாறிடும். கையில எண்ணெ கூடாது, மஞ்சள் கூடாது. வளையல்ல செம்பு கலந்திருந்தா அதுவும் கூடாது.

அதான் நான் மஞ்சள் பூசறத வுட்டேன், வளையலக் கழட்டுனேன். எதிர்வூட்டு ராஜாம்பாளு ஊரு பூரா சொல்லிட்டா, மரியசெல்வம் தாலியறுத்தவ மாதிரி ஆயிட்டா, மனசுக்குள்ள ஒத்துக்கிட்டான்னு. தாலி இருக்குதேடி கழுத்துலன்னு கேக்கறாளாம் இன்னொருத்தி. அப்ப இன்னும் நம்பிக்கிட்டு இருக்கறான்னு அவளே அதுக்கும் பதிலு. பாவம், அவளுங்களுக்கும் பொழுது போவணும் இல்ல. மீனுத் தொட்டி கழுவறதுக்கு வளையலக் கழட்டுனான்னு ஒருத்தி வாயிலயும் வரல.

தோ, கரண்டு வந்துடுச்சி. ட்யூப வுட்டுடுங்க, மோட்டாரு ஓடுது. கை வலிக்குதா? உக்காருங்க, உக்காருங்க, வேலை முடியல. இன்னிக்குத் தண்ணி மாத்தற நாளு. இந்த ரப்பர் கொழாய நான் உள்ள வுடறேன், நீங்க இந்த நுனிய அந்தப் பானையில புடிச்சிக்குங்க. தூக்காதீங்க, கீழயே இருக்கணும். மில்லும் இப்ப ஓடும். அத்தை வந்துடுவாங்க.

அத்தை கதை உங்களுக்குத் தெரியாது. அவங்க ஏன் இப்படிப் பூசை பூசைன்னு கெடந்து தவிக்கறாங்கன்னு தெரியுமா? புள்ளப் பாசம்தான், நான் இல்லன்னல. அதோட இன்னொண்ணும் இருக்குது. புயலடிச்ச வருசம் கார்த்திகையில இவரு கொண்டாந்த கடல் தண்ணி மிச்சம் இருந்திச்சி. கஷ்டப்பட்டுக் கொண்டாந்த தண்ணி ஊறுகா ஜாடியில கெடக்குதேன்னு அத்தை, தாய் வூட்டுச் சீதனமா வந்த செப்புக் குடத்தப் புளி போட்டுப் பளபளன்னு வெளக்கி, அதுல ஊத்தி வெச்சாங்க. செம்புல வெச்சா தண்ணி சுத்தமாவும்னு நம்ம ஜனம் நெனைக்கறதுதான? புள்ளக்கு ஒத்தாசை பண்றதா நெனைச்சி அவங்களே தொட்டியிலயும் ஊத்திட்டாங்க. இதுல ஒரு கடல் பூவு இருந்திச்சி உபதேசியாரே. செடி இல்ல, அதுவும் உசுருதான், விரலு விரலா ஆடும். அதுக்குள்ளதான் இந்த ரெண்டு மீனும் படுத்துக்கும். கடலு சாமான் எதுக்கும் செம்பு ஆவாது. பூவு சுருங்கிச்சி, கரைஞ்சி வழிஞ்சி செத்துப்போச்சி.

இவரு ஒரு வார்த்த திட்டல. திட்டியிருந்தா நல்லாயிருந்திருக்கும். மண்டபம், தனுஷ்கோடி பக்கம் போய் வேற பூவு கொண்டாரேன், கிறிஸ்மஸுக்குள்ள வந்துடறேன்னு பையத் தூக்கிக்கிட்டுப் பூட்டாரு. அப்பத்தான் புயலு.

இன்னா பண்ணுவாங்க அத்தை? என் செம்புதான் எம்புள்ளயக் கொன்னுச்சின்னு அன்னிலேர்ந்து ஒரே பேச்சு. சோத்துல கை வெப்பாங்க, எடுத்துடுவாங்க. தூக்கத்துலயும் அதத்தான் பெனாத்தறாங்க. பூசை வெச்சா எம்புள்ள என்ன மன்னிச்சிடுவான்னு ஒரு நெனைப்பு. ஆளு பாதியாப் பூட்டாங்க, பாக்கறீங்க இல்ல?

அப்ப இந்தப் பூவு எது? நல்லாக் கேட்டீங்க. இத்தினி பேரு பாத்தாங்க, ஒருத்தர் கேக்கல. பழைய பூவு பூடுச்சி, இது எங்கேர்ந்து வந்திச்சின்னு அத்தைகூட கேக்கல. கேட்டிருந்தா வேளாங்கண்ணி கடல்லன்னு சொல்ல ரெடியா வெச்சிருந்தேன்.

நாந்தான் போய்க் கொண்டாந்தேன். மீனு ரெண்டும் படுக்க எடமில்லாம மூலையில ஒண்டிக்கிட்டுக் கெடந்திச்சி. போனவரு கொண்டாரல, நாமளே போவலாம்னு தோணிச்சி. இந்த ஈஸ்டரு கழிச்சி, வேளாங்கண்ணிக்கு நேந்துக்கிட்டேன்னு அத்தைகிட்ட பொய் சொல்லிட்டு மண்டபத்துக்கு ரயிலேறிட்டேன். மாதா மன்னிக்கட்டும். அங்க பொன்னுசாமின்னு ஒருத்தரு, சங்கு குளிக்கறவரு. அவருதான் இவருக்கு வழக்கமா மீனு புடிச்சிக் குடுக்கறது. தேடிக்கிட்டுப் போனேன். நான் யாருன்னு சொன்னதும் அந்த மனுசன் மொகம் வெளுத்துப் போச்சி. சட்டுனு பக்கவாட்டுல திரும்பிப் பாத்தாரு. பக்கத்து வூட்டு வாசல்ல ஒருத்தரு ரேடியோவப் பிரிச்சிப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாரு. முதுகுல ஒரு கொழந்தை தொங்கிக்கிட்டு இருந்திச்சி.

ஆமா. அவருதான்.

கொழாயத் தூக்காதீங்க, தண்ணி கீழ ஊத்துது பாருங்க.

நல்லா சதை போட்டிருந்தாரு. கொழந்தை நல்லா நடக்குது, பேச்சுகூட வருது. புயலுக்கு மின்னாடியே பொறந்திருக்கும். ஒரு பொம்பள கதவாண்ட வந்து நின்னா, என்னப் பாத்தா, உள்ள பூட்டா. எனக்கு ஒண்ணுமே தோணல உபதேசியாரே. கோவம் வரும், மயக்கம் வரும்னு நானே பாத்துக்கிட்டு நின்னேன். ஒண்ணும் வரல. அந்த ரயில்ல போவலையா, போயிட்டுப் பொழைச்சாரா, செத்தவனாவே இருந்துக்கலாம்னு நெனைச்சாரா, ஒண்ணும் நான் கேக்கல.

அவருதான் கேட்டாரு. மீனு ரெண்டும் இருக்குதான்னாரு. இருக்குதுன்னேன். கால் பங்குதான மாத்தறன்னாரு. ஆமான்னேன். அம்மா எப்படி இருக்குதுன்னும் கேக்கல, நீ எப்படி இருக்கறன்னும் கேக்கல. பூவு வேணும்னு வந்தேன்னேன். சட்டையக் கழட்டிப் போட்டுட்டு அவரே கடல்ல எறங்குனாரு. கல்லோட பேத்தெடுத்து, ஜாடியில வெச்சி, வாய்க்குத் துணி கட்டி, ரயிலு நிக்கற எடத்துலல்லாம் துணியத் தளத்தி காத்து வுடுன்னாரு. பக்குவமாத்தான் கட்டிக்குடுத்தாரு. போன வேலைய முடிச்சிட்டாரு. நானும் வுழுப்புரம் வர்ற வரைக்கும் ஒவ்வொரு ஸ்டேசன்லயும் துணியத் தளத்திக்கிட்டே வந்தேன். தளத்தாம வுட்டிருக்கலாம். தோணல.

போதும், கொழாய எடுத்துடுங்க. இதுக்கு மேல போனா மீனு தாங்காது.

இப்ப சொல்லுங்க, உயிரோட இருக்கறவனுக்கு சாமியாரு ஆத்துமப் பூசை வெப்பாரா? வெக்க மாட்டாரு இல்ல. அதான் நான் சரின்னு சொல்லல. நம்பிக்கிட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல.

அத்தைகிட்ட ஏன் சொல்லலன்னா? சொல்லணும்னு எத்தினியோ தபா போய் நின்னுட்டேன். சோத்தப் போட்டுட்டுத் திரும்பிடுவேன். யோசிச்சிப் பாருங்க, பெத்தவங்களுக்கு இது நல்ல சேதி. புள்ள உயிரோட இருக்கறான், செம்பு கொல்லல, பேரனும் இருக்குது. கேட்டா எழுந்து உக்காந்து சாப்புடுவாங்க. அந்த நல்ல சேதிய என் வாயால எப்படி நான் சொல்றது? நீங்களே சொல்லுங்க. சந்தோசமா சொல்ல வேணாமா அத? எனக்கு வரல. நீங்க கோயில் மனுசன், உங்களுக்கு வரும்.

அட, எங்க எழுந்திரிக்கறீங்க? இவ்ளோ நேரம் ட்யூபப் புடி, கொழாயப் புடின்னு உங்கள எதுக்கு உக்கார வெச்சேன்னு நெனைக்கறீங்க? உக்காருங்க.

வாங்க அத்தை. மாவுக் கூடைய இப்படிக் குடுங்க. உபதேசியாரு உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்காரு.