ரப்பர் இல்லாத கைப்பிடி

இல்லிங்கண்ணா, குடிச்சிட்டு பஸ்ல ஏறல. சந்தேகமா இருந்தா வாய மோந்து பாருங்க. டிக்கெட்ட ரெண்டு தபா கீழ வுட்டேன்ல, அத்தப் பாத்துத்தான நவுந்து ஒக்காந்தீங்க? வெரலு மரத்துப் பூடுச்சிங்க. காலையில குளுந்த காத்து பட்டா நுனியெல்லாம் வெள்ள வெளேர்னு ஆயிடுது, இந்தா பாருங்க.

களை எடுக்கற மிஷினு ஓட்றவன் நானு. பழனின்னா தியாகதுருகம் பக்கம் தெரியும். கரும்பு, மரவள்ளி, எல்லாத்துக்கும் என்னியத்தான் கூப்புடுவாங்க. ஒம்போது வருசம் ஆச்சி. மிஷினு ஆதிமூலம் மாமாவுது. ஒறமொற ஒண்ணும் இல்லிங்க, வாய் நெறைய மாமான்னு கூப்புடுவேன், அவ்ளோதான்.

கைப்பிடிக்கு அடியில ரெண்டு ரப்பர் புஷ்ஷு இருக்கும். மிஷினு ஒதறுனா கைக்கு ஏறாம அது வாங்கிக்கும். அடிக்கடி கிழியுதுன்னு மாமா அத்தக் கழட்டிப் போட்டுட்டு வெல்டிங் வெச்சிட்டாரு. வெக்கச் சொல்ல கைப்பிடிய ஆடாம புடிச்சிக்கினு நின்னவன் யாரு? நாந்தான். எம்புத்தியச் சொல்லணும்.

அப்பால கொஞ்சம் கொஞ்சமா சோறு பெசைய முடியல, சட்ட பட்டன் போட முடியல. டாக்டரு பாத்துட்டு, மிஷினு ஒதறல்தாம்ப்பா, நிறுத்தலன்னா கை வெளங்காதுன்னு சீட்டு எழுதிக் குட்த்தாரு. நான் நேரா மாமாவாண்ட போயி நீட்டுனேன். படிச்சாரு. மடிச்சி ஜோபில வெச்சிக்கினாரு. நான் பாத்துக்கறேன் போடான்னாரு.

பாத்துக்கினாருங்க. மறுநாளே நான் இல்லாத நேரமா எங்க வூட்டுக்குப் போயி, எம்பொண்டாட்டியாண்ட, ஒம்புருசன் மறைவாக் குடிக்கிறான்மா, கை நடுங்குது பாருன்னு சொல்லிட்டு வந்துருக்காரு. மிஷினால கை போச்சின்னு தெரிஞ்சா அப்பால எவன் ஓட்ட வருவான்? அந்த சீட்டும் அவராண்டயே மாட்டிக்கிச்சி.

இல்லிங்க, ஆசுபத்திரிக்கி இல்ல. மலையடிவாரத்து அம்மன் கோயிலுக்கு. ஆமா, குடிய வுடறதுக்குக் கயிறு கட்டுவாங்களே, அதே கோயிலுதான். எனக்குத்தான் கட்டப் போறாங்க. பொறந்ததுலேர்ந்து ஒரு சொட்டு தொட்டதில்ல.

மின்னாடி பச்ச சேல கட்டிக்கினு திரும்பித் திரும்பிப் பாக்குதே, அதான் எம்பொண்டாட்டி அம்சவள்ளி. நடுவுல எறங்கிடுவனோன்னு பாக்குது. கயிறு கட்டிக்கினாத்தான் இனிமே வூட்ல சோறாம். பதினாலு வருசமா குடும்பம் நடத்துறோம். ஒங்களாண்ட சொன்னதத்தான் அவளாண்டயும் சொன்னேன், வாய மோந்து பாருடின்னு.

மூஞ்சத் திருப்பிக்கினாளுங்கண்ணா.