பேய்க்குக் கொடுத்த கிழங்கு

மலாயாவில் ஜப்பான்காரன் காலம். சுங்கை பட்டாணியில் அரிசிக்காக நின்ற வரிசையில், எனக்கு முன்னால் இரண்டு தோட்டத்துப் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எம் மக பேய்க்குக் கெழங்கு குடுத்தாக்கா," என்றாள் இளையவள்.

"என்னாடி சொல்ற?"

"அவ அப்பாவ ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போடப் புடிச்சிட்டுப் போறதுக்கு முன்ன, அவரு அவளுக்கு ஒரு கதை சொல்வாரு. ஊரே கல்லால அடிச்ச பேய்க்கு ஒரு சின்னப் புள்ள பயப்படாம சோறு குடுத்துச்சாம். பேய் அழுது அழுது மனுசனாயிருச்சாம்."

"சரி."

"போன வாரம் எங்க லயத்து வீடுங்க பக்கம் ஒருத்தன் வந்து நின்னான். வெறும் எலும்பு, காலெல்லாம் புண்ணு. பேயின்னு நாங்க கதவச் சாத்திட்டோம். எம் மக மட்டும் தனக்கு வச்சிருந்த மரவள்ளிக் கெழங்க எடுத்துட்டுப் போயி குடுத்தா. தின்னுட்டு ஓன்னு அழுதான். அப்புறந்தான் பேச்சே வந்துச்சு. சயாம் ரயில் பாதையிலருந்து தப்பி வந்தவனாம்."

மற்றவள் குரலைத் தாழ்த்தினாள். "ஒம் புருசனப் பாத்தானாமா?"

"அவந்தான் பொதச்சானாம்."

வரிசை நகர்ந்தது. அவர்கள் நகரவில்லை. நானும் தாண்டிப் போகவில்லை.

"புள்ளகிட்ட சொல்லிட்டியா?"

"எப்படிக்கா சொல்றது? பேய மனுசனாக்கிட்டேன்னு அவ்வளவு சந்தோசமா இருக்கா. தெனம் கெழங்கக் குடுத்துட்டு, 'எங்கப்பா எப்ப வருவாரு'ன்னு அவங்கிட்டயே கேட்டுக்கிட்டிருந்தா. நேத்து அவன் கெழங்க வாங்காமயே எங்கயோ போயிட்டான்."