கப்பிக் கட்டு

— அதுக்காக இடுப்புல சாவிக்கொத்தோடயா வெடிக்கப்பல்கிட்ட வருவ? அங்கனயே நில்லுக்கா. டிராக்டர் சீட்டுல போட்டுட்டு வா.

— போட்டாச்சுலே பாண்டி, போட்டாச்சு. பதினெட்டு வருசமா சரவெடி பின்றவளுக்குப் பாடம் நடத்துறான். நீ மொதல்ல எறங்கு.

— இன்னும் கட்டி முடியலக்கா.

— காலைல பத்து மணிக்கு ஏணில ஏறுனவன். மணி நாலாகுது. ஒரு மரக்கப்பிய பாய்மரத்தோட சேத்துக் கட்ட எம்புட்டு நேரம்லே? ஏழாயிரம்பண்ணைலருந்து வந்த மேளக்காரன்லாம் ஒன்னையப் பாத்துச் சிரிக்கான்.

— சிரிக்கட்டும். பாய் பூராவும் சரவெடி. அம்புட்டுப் பாரமும் இந்தக் கப்பிலதான் தொங்கப் போவுது. இன்னும் ரெண்டு சுத்து சுத்துனா ஒன்னும் கொறஞ்சு போயிர மாட்டோம்.

— வயித்துக்கு என்ன பண்ணுன? கம்மங்கஞ்சி கொண்டாந்திருக்கேன். எறங்கிக் குடிச்சுட்டு ஏறு.

— வேண்டாம். விடுக்கா.

— வெயில் மண்டையப் பொளக்குது, மயங்கி விழுந்து தொலையப் போற. ஒரு கொக்கிய மாட்டுனா அஞ்சு நிமிசத்துல முடியுற வேல.

— வெடிக்குப் பக்கத்துல இரும்பா? நீதானாக்கா பேசுறது?

— எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு, விடு. சரி, நைலான் கயிறாச்சும் வாங்கிட்டு வரவா?

— பொறி பட்டா உருகிச் சொட்டும். நூல் கயிறுதான் இதுக்கு. நம்ம அய்யா காலத்துலருந்து நூல் கயிறுதான்.

— அப்ப வேற நூல் கயிறு. இந்தக் கயிறு வேண்டாம்.

— ஏன், இதுக்கு என்ன கொறச்சல்?

— எனக்குப் புடிக்கல.

— கயித்துல என்ன புடிக்கிறது, புடிக்காதது? சீலையா எடுக்க வந்திருக்க?

— கேலி பண்ணாத பாண்டி. உம் பொண்டாட்டி கற்பகவல்லி சொன்னா, மாடில ஒரு கயித்தக் கட்டி மாசக்கணக்கா வெயில்ல போட்டிருக்கியாம். அதுல ஒரு துண்டு காயப்போடக் கூட விட மாட்டேங்கியாம். எம் புருசனுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா மதினின்னு அழுதா. அந்தக் கயித்தக் கொண்டாரச் சொல்லவா?

— அது எதுக்கு? இங்கதான் கயிறு இருக்கே. காலைல வாளில முக்குனேன்ல, நீயும் பாத்தியே. பாத்ததும் மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போயிட்ட.

— அந்த வாளியக் கண்டாலே எனக்கு ஆகாது.

— வாளி என்னக்கா பண்ணுச்சு? ஈரச்சாக்கு மூடி, அதுபாட்டுக்கு ஒம் பக்கத்துலதான் இருக்கு.

— தெரியுது, தெரியுது. நீ எறங்கு. இன்னைக்குப் பாயே ஏத்த வேண்டாம். கப்பல் இல்லேன்னா அம்மனுக்குப் பொங்கல் வேகாதா?

— ஊர்க் கூட்டத்துல என்ன சொன்னாக? மறந்துட்டியா? போன வருசம் கப்பி வழுக்கி எரியுற பாயோட விழுந்துச்சு. கீழ நின்னு தீ வச்ச மணிமுத்து மச்சான் மேல விழுந்துச்சு. இந்த வருசம் கட்டுனவனே கீழ நின்னு தீ வைக்கட்டும். அப்படித்தான சொன்னாக? நீயும் கூட்டத்துலதான இருந்த.

— இருந்தேன்.

— நான் குடிச்சிருந்தேன்னு ஒருத்தன் சொன்னான். அப்பயும் இருந்த.

— நீ குடிக்க மாட்டேன்னு எனக்குத் தெரியாதாலே?

— ஒனக்குத் தெரிஞ்சு என்ன செய்ய? மச்சான் வாசப்படி ஏறாதன்னுட்டாக. பிரீத்திகாவுக்குக் காது குத்துனப்ப, தாய்மாமன் நான் உசுரோட இருக்க, பெரியப்பா மகன் சீனிவாசகம் மடில ஒக்கார வச்சுக் குத்துனீக. நான் தெருமுனைல நின்னு பாத்தேன். புள்ள அழுதது அங்கன வரைக்கும் கேட்டுச்சு.

— போதும் பாண்டி. நெஞ்ச அறுக்காத.

— சரி சரி. இன்னைக்கு ஆறு மணிக்கு நான் கீழ நிக்கேன். நின்னா பேச்சு ஓஞ்சுரும். விழுந்தா நானும் ஓஞ்சுருவேன்.

— அப்படிச் சொல்லாத!

— வேற எப்படிச் சொல்ல?

— விழுகும்லே! அந்தக் கட்டு விழுகும்! அத அவுத்துரு!

— எதுக்கு விழுகும்? ஒன்பது சுத்து. நடுவுல குறுக்கக் கொடுத்து முறுக்கியிருக்கேன். கைய வச்சு ஆட்டுனாலும் அசையல.

— போன வருசமும் அசையலதான?

— அசையல.

— பொறவு எப்படி வழுக்குச்சு?

— அதத்தான் நானும் ஒரு வருசமா யோசிக்கேன். நீ சொல்லேன்.

— ஈரம்லே. ஈரத்தோட கட்டுன நூல் கயிறு அப்ப உப்பிக்கிட்டு இறுக்கமா நிக்கும். வெயில்ல காஞ்சதும் இளைச்சுத் தளந்துரும். மொதல்ல காஞ்ச கயித்தக் கட்டணும். பொறவுதான் தண்ணி ஊத்தணும். மாத்திச் செஞ்சா ஆளக் கொன்னுரும்.

— ஒனக்கு எப்படிக்கா தெரியும்?

— உங்க மச்சான் படுத்த கட்டில் இருக்குல்ல. புண்ணுத் தண்ணி பட்டு நாறுதுன்னு அதுல உள்ள நூல் கயித்த அவுத்து அலசுனேன். ஈரத்தோடயே இழுத்துக் கட்டுனேன். கல்லுமாரி நின்னுச்சு. மறுநா வெயிலடிச்சதும் தொட்டிலாட்டம் தொங்கிருச்சு. அவுக முதுகு தரையத் தட்டுச்சு. அப்பத்தான் எனக்கு விளங்குச்சு.

— எப்ப இது?

— ஆடி மாசம்.

— காது குத்துனது அதுக்குப் பொறவு, தையில.

— ஆமா.

— சரி, போன வருசம் கயித்த எனக்கு ஈரமாத் தந்தது யாரு?

— நாந்தான்! நாந்தாம்லே தந்தேன். போதுமா? நீ காஞ்ச கயித்தத்தான் கேட்ட. நான் வாளில முக்கி ஊறவச்சுக் குடுத்தேன். ஏங்க்கா ஈரமா இருக்குன்னு நீ கேட்ட. பொறி பட்டாப் பத்திக்கிறக் கூடாதுன்னு நாந்தான் சொன்னேன். வெடிக் கம்பெனில எதத் தொட்டாலும் தண்ணி தெளிச்சுத் தொட்ட கை. தரைக்குத் தண்ணி, வாசலுக்கு ஈரச்சாக்கு. தண்ணி இருந்தா ஒன்னும் ஆகாதுன்னுதான் இத்தன வருசமும் இருந்துட்டேன்.

— இத மச்சான்கிட்டச் சொன்னியா?

— எப்படிச் சொல்ல? ஒத்தக் கண்ணோட ராவும் பகலும் என்னையவே பாத்துக்கிட்டுப் படுத்திருந்த மனுசன்கிட்ட, ஒன் கண்ணக் கெடுத்தது நாந்தான்னு எப்படிலே சொல்ல? தம்பிதான, தாங்கிக்கிருவான்னு விட்டுட்டேன். பாவிதான் நான். ஒம் மேல போட்டுட்டு நான் அவுக பக்கத்துல ஒக்காந்து விசிறிக்கிட்டு இருந்தேன்.

— ம்.

— திட்டு பாண்டி. என்னைய என்ன வேணாலும் கேளு. ஆனா அந்தக் கட்ட அவுத்துட்டு வா. ஒம் மச்சான் கோயில் வாசல்லதான் ஒக்காந்திருக்காக. இப்பவே போறேன், ஊர் முன்னாடி வச்சு அவுககிட்டச் சொல்றேன். நீ கீழ நிக்காத. ஒன்னையவும் பறிகொடுக்க எனக்குத் தெம்பில்லலே.

— சொல்லுவியா?

— அம்மன் மேல சத்தியமாச் சொல்லுவேன்.

— அப்பச் சரி. போறதுக்கு முந்தி அந்தச் சாக்க எடுத்துட்டு வாளிக்குள்ள கைய விடு.

— நான் அதத் தொட மாட்டேன்.

— தொடுக்கா.

— ...ஏலே. இங்கன கயிறு கெடக்கு. காலைல நீ முக்குன கயிறுல்ல இது! அப்ப மேல எதச் சுத்திக்கிட்டு இருக்க?

— மாடில காஞ்சு கெடந்த கயிறுக்கா. பத்தரை மணிக்கே கட்டி முடிச்சுட்டேன். நீ வாயத் தொறக்குற வரைக்கும் எறங்கக் கூடாதுன்னுதான் ஒக்காந்திருக்கேன்.