ஓம் என்ற வருத்தம்

ஹலோ... ஹலோ, டொக்டர் ஐயாவோ? நான் அக்கராயன் ஏரம்பு... ஓம், ஓம், மாடு இடிச்சு மண்டை உடைஞ்ச ஏரம்பு தான். நீங்கள் திறந்து இரத்தக் கட்டி எடுத்தனீங்கள்... ஓம், ஆறு மாதத்தாலை குரலைக் கேக்கோணும் எண்டு சொன்னனீங்கள். கிளிநொச்சித் தபால் கந்தோரிலை நிண்டு கதைக்கிறன்.

எழுதுங்கோ ஐயா. உங்கடை ஆராய்ச்சிப் புத்தகத்திலை நானும் ஒரு பக்கம் எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரியிறன்... கை நல்லா அசையுது. வரம்பிலை விழாமல் நடக்கிறன்... தலையிடியோ? ஓம்... சீ, பிழை. தலையிடி கிடையாது.

இதுதான் ஐயா கரைச்சல். சும்மா கதைக்கேக்கை எல்லாச் சொல்லும் வருது. ஆரும் கேள்வி கேட்டால் ஓம் தான் முந்திக்கொண்டு வந்து நிக்குது. போன கிழமை சலூன்காரன் மீசையை எடுக்கவோ எண்டு கேட்டான். ஓம் எண்டிட்டன். வீட்டை போக என்ரை நாயே என்னைப் பாத்துக் குலைக்குது... சிரியுங்கோ, மனிசியும் சிரிச்சவா. என்ரை மண்டைக்குள்ளை களிமண் எண்டு இருபது வருசமாச் சொல்லுறவா. நீங்கள் திறந்து பாத்தனீங்கள் தானே, மூளை கிடந்தது எண்டு ஒரு துண்டு எழுதித் தாங்கோவன்.

அது பகிடிக்கு. எனக்கு வேற கடிதம் வேணும். மகள் அருந்ததிக்கு வெள்ளிக்கிழமை கலியாண எழுத்து, பதிவுகாரர் வாறார். மாப்பிள்ளை நெல்லு மில் முதலாளி யோகநாதன். தாரமிழந்தவர், என்னிலும் ரண்டு வயது தான் இளமை. நான் தான் ஓம் எண்டு சொன்னது. பிள்ளை மூண்டு நாளாச் சாப்பிடேல்லை. ஏரம்பு சொன்ன ஓம் மண்டை உடைஞ்ச ஓம், செல்லாது எண்டு நீங்கள் எழுதினால்...

எப்ப சொன்னனானோ?... பங்குனியிலை... மாடு இடிச்சதோ?... ஹலோ, சரியாக் கேக்கேல்லை ஐயா... ஓம், கேக்குது... மாடு இடிச்சது சித்திரையிலை.

ஓம் ஐயா. ஒரு மாதம் முந்தித்தான் சொன்னனான். அப்ப மண்டை முழுசாத்தான் இருந்தது. முதலாளி கதிரையிலை இருத்தி, தன்ரை கையாலை தேத்தண்ணி தந்தார். நான் உருகிப்போய், பிள்ளையை ஒரு சொல்லுக் கேக்காமல் ஓம் எண்டிட்டன். இப்ப மாட்டிலை பழியைப் போட்டுக்கொண்டு நிக்கிறன். வெக்கமாக் கிடக்கு.

ஓம், நீங்கள் பொய் எழுதேலாது தான்... நானே முதலாளியிட்டைப் போய் இல்லை எண்டு சொல்லுறதோ? அந்தச் சொல் வாயிலை வந்தால் தானே... இப்பவே சொல்லிப் பழகவோ? கந்தோரிலை சனம் பாக்குது ஐயா... சரி. முதலாளி மாதிரி, பிள்ளையைத் தருவியோ எண்டு கேளுங்கோ.

... ஓம்.

சீ. திரும்பக் கேளுங்கோ.

... ஓ... இ... இல்லை. இல்லை முதலாளி. என்ரை பிள்ளைக்கு விருப்பமில்லை. அவளைக் கேக்காமல் சொன்னது என்ரை பிழை... ஐயா, வந்திட்டுது. கேட்டதோ?... ஹலோ?... ஹலோ?

என்ன போஸ்ட்மாஸ்டர், லைன் அறுந்திட்டுதோ?... திரும்ப எடுத்துத் தரவோ எண்டோ?

இல்லை. மில் எத்தினை மணிக்குப் பூட்டுவினம்?