உத்தமன் தலையில் நிற்கும் அளவுக்கு

மின்விசிறி சுழலாத மேடையிலும் மேல்துண்டு மடிப்புக் கலையாமல் வீற்றிருக்கும் எங்கள் ஸ்ரீராம்புரம் படிப்பகத்தின் தலைவர் சந்திரசேகரன் அவர்களே! இந்த விழாவுக்காக ஒரு வாரமாக ஓடி ஓடித் தொண்டை கட்டிப்போன செயலாளர் ரகுராம் அவர்களே! ஆஸ்டின் டவுனிலிருந்தும் பிரேசர் டவுனிலிருந்தும் மெஜஸ்டிக்கில் பஸ் மாறி வந்து சேர்ந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற யோசனையோடே அமர்ந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்க்கும் இளைஞர்களே, கவிழ்க்காமலே பார்க்கும் இளைஞர்களே! உங்கள் அனைவரையும் வணங்கி மகிழ்கிறேன்.

முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. அதன் மேல் ஒரு சால்வை மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் அன்னம்மாள் அம்மா, கையில் கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கிறார். அந்த நாற்காலிக்கு உரியவர் அவருடைய கணவர் உத்தமன். வரவேற்புப் பாடல் பாடும்போது இருந்தார். பிள்ளைகளின் நடனம் முடிந்தபோது இல்லை. தேட ஆள் போயிருக்கிறது. நம் செய்திப் பலகையிலும் வரி போட்டாயிற்று. "நீங்க இங்கயே இருங்கம்மா, சேதி வந்தா உங்க போனுக்குத்தான் வரும்" என்று நம் படிப்பகத்துப் பெண் தர்ஷினி சொல்லி உட்கார வைத்திருக்கிறார். பழைய வாத்தியாரான என்னிடம் தலைவர், "நீங்க நிறுத்தாம பேசுங்க மேஷ்ட்ரே" என்றார். ஆகவே பேசுகிறேன். நான் பேசப்போவதும் அவரைப் பற்றித்தான்.

நம் இளைஞர்களில் பலருக்கு உத்தமன் என்றால், எதிரே வருபவரிடம் "மணி என்ன?" என்று கேட்டு, பதில் சொன்னதும் மறுபடி "மணி என்ன?" என்று கேட்கும் ஒரு முதியவர். அவ்வளவுதானா அவர்? அவ்வளவுதானா அந்த வாழ்க்கை?

அன்று, ஐயா, மூன்று பேட்டைகளிலும் மூன்று படிப்பகங்கள் இருந்தன. மூன்று படிப்பகங்களின் வாசலிலும் மூன்று கரும்பலகைகள். தண்ணீர் எப்போது வரும், எந்தப் பட்டறையில் ஆள் எடுக்கிறார்கள், யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் இழவு, எல்லாம் அதில்தான். ஆனால் ஸ்ரீராம்புரத்துப் பலகை ஆஸ்டின் டவுனுக்கு எப்படித் தெரியும்? ஆஸ்டின் டவுன் செய்தி பிரேசர் டவுனுக்கு எப்படிப் போகும்? யார் கொண்டு போனது? தந்தியா? தபாலா? தொலைபேசியா? இல்லை ஐயா, இல்லை! மில்லில் வேலை முடித்து, தலையில் பஞ்சுத் தூசியோடு, பெடல் கட்டை இல்லாத ஒரு சைக்கிளில் புறப்பட்ட உத்தமன்!

அவர் எதையும் எழுதி வாங்கிக்கொள்ள மாட்டார். காதில் கேட்பார், மனத்தில் வைப்பார், வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே மிதிப்பார். யாராவது கதையை நீட்டினால் கையை உயர்த்திவிடுவார். "ஸ்வல்ப சுருக்கமா சொல்லுப்பா. என் தலையில எடம் கம்மி." ஒருவர், தம் அண்ணனுக்கு உடம்பு சரியில்லை, டாக்டர் இப்படிச் சொன்னார், மைத்துனர் அப்படிச் சொன்னார் என்று அடுக்கிக்கொண்டே போனாராம். உத்தமன் கேட்டாராம்: "அண்ணன் பொழச்சிட்டாரா இல்லியா? அத மொதல்ல சொல்லு. மிச்சத்த அங்க கேட்டா அப்புறம் வந்து எடுத்துக்கறேன்."

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் அந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமானது முதலில்; மிச்சம் கேட்டால் மட்டும்.

அந்தப் பலகைக்கு இரண்டு வழக்கங்கள் இருந்தன. யார் எழுதினாலும் அடியில் அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். யாருக்காக எழுதப்பட்டதோ, அவர்தான் அந்த வரியை அழிக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். சாமிநாதன் என்று ஒருவர் நம் தெருவில் இருந்தார். அவர் மனைவி மங்களம் பிரசவத்துக்காகப் பிரேசர் டவுனில் தாய்வீடு போயிருந்தார். ஒரு நாள் மாலை, மழையில் நனைந்து, மட்கார்டில் சேறு அப்பி, உத்தமன் வந்து இறங்கினார். யாரிடமும் பேசவில்லை. வாயைத் திறந்தால் மறந்துவிடும் என்று பயம்! நேரே போய் எழுதினார்: 'மங்களத்துக்கு மகள். இருவரும் சுகம்.' சாமிநாதனோ மில்லில் ஓவர்டைம். தெருவே படித்துவிட்டது. டீக்கடை படித்துவிட்டது. ஆனால் ஒருவராவது ஓடிப்போய்ச் சொன்னார்களா? சொல்லவில்லையே! அது அவர் படிக்க வேண்டிய வரி. அவர் வந்தபோது தெருவே ஒன்றும் தெரியாதது போல நின்றது. ஒருவர் வானத்தைப் பார்த்தார். ஒருவர் செருப்பைப் பார்த்தார். சாமிநாதன் படித்தார். மறுபடி படித்தார். கைக்குட்டையை எடுத்து அந்த வரியைத் துடைத்தார். சுண்ணப்பொடி படிந்த அந்தக் கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதன் பிறகுதான் தெரு வாய் திறந்தது. "ஸ்வீட் எங்கடா?" என்று ஒரு கூச்சல்!

பலகைகள் போயின. மில் போனது. இரண்டு படிப்பகங்கள் கடைகளாகிப் போயின. நாமும் வேலை, வீடு, வாடகை என்று ஆளுக்கொரு திசையில் போனோம். பிறகு தர்ஷினியும் அவர் நண்பர்களும் வந்து ஒரு புதிய பலகை செய்து தந்தார்கள். பகலில் பெரிய கம்பெனியில் வேலை. மாலையில் நம் படிப்பகத்தில் வேலை.

என்ன அது? கைப்பேசியில் பார்க்கும் பலகை. ஆனால் எங்கோ கடல் கடந்த ஊரில் ஒரே முதலாளியின் ஒரே கட்டடத்தில் இருப்பதன்று. நம் பலகை, இதோ நம் செய்தித்தாள் அலமாரிக்குப் பக்கத்தில், ஒரு டிபன் டப்பா அளவு பெட்டியில் இருக்கிறது. ஆஸ்டின் டவுன் பலகை சௌம்யாவின் பேக்கரியில், பன் தட்டுக்கு மேலே இருக்கிறது. பிரேசர் டவுனுக்கு ஒன்று தனி. மூன்றும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். எதுவும் எதற்கும் எஜமானன் அல்ல. ஒன்று படுத்துக்கொண்டால் மற்றவை நடக்கும். எழுந்ததும் விட்ட செய்தியை வாங்கிக்கொள்ளும். அன்று ஆஸ்டின் டவுன் படிப்பகம் பூட்டியிருந்தால், உத்தமன் செய்தியை மனத்தில் வைத்திருந்து மறுநாள் எழுதவில்லையா? அதே முறைதான்.

நம் சந்துகளில் சிக்னல் எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? அன்னம்மாள் அம்மா வீட்டில் சன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டினால் ஒரு கோடு வரும். கை வலித்து உள்ளே இழுத்தால் அதுவும் போய்விடும். அந்த ஒரு கோட்டில் எது நுழையும்? ஓவியமா? ஒளிப்படமா? ஒரு வரி நுழையும்! அதனால்தான் நம் பலகையில் எழுத்து முதலில் வரும்; படம், கேட்டால்தான் வரும். புதிதாக எதைச் சேர்க்க நினைத்தாலும் தர்ஷினி தம் நண்பர்களிடம் கேட்பது ஒரே கேள்வி: "உத்தமன் ஐயா தலையில நிக்குமா?"

யார் அங்கே கை தூக்குவது? ராஜேஷ்குமாரா? "வீடியோ வர்றதில்லையே சார்" என்கிறார். உங்கள் நிச்சயதார்த்த வீடியோவைத்தானே சொல்கிறீர்கள்? முழு நீளமும் பார்த்தேனப்பா, உங்கள் வீட்டுக்கே வந்து பார்த்தேன். கேசரியும் கொடுத்தார்கள். பலகையில் வந்திருந்தால் கேசரி கிடைத்திருக்குமா?

ஆனால் இதே கேள்வியைப் போன வருடம் நம் குழுவும் கேட்டது. "என்னம்மா இது, வெறும் எழுத்தா இருக்கு? ஒரு பங்ஷன் களையே இல்லையே!" நாம் யார்? தெருமுனையில் பேனர் வைத்தால், வட்டத்துக்குள் இத்தனை முகம், சதுரத்துக்குள் இத்தனை முகம் என்று வைத்துப் பழகியவர்கள். ஆண்டு விழாவுக்காகப் பலகையின் முகப்பிலும் அப்படியே வைத்துவிட்டோம். தலைவர் படம், செயலாளர் படம், துணைத்தலைவர்கள் படம், நன்கொடையாளர்கள் படம். "கொஞ்சம் கனமாயிடும் சார்" என்று தர்ஷினி சொன்னார். "கனமா இருந்தாத்தாம்மா கெத்து" என்று இந்த மேடையிலிருந்து ஒரு குரல் வந்தது. யார் குரல் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு இப்போது தொண்டை கட்டியிருக்கிறது.

ரகுராம், நீங்களே சிரிக்கிறீர்கள். நல்லது.

அந்த வாரம் மழை. அந்த மாலை உத்தமனைக் காணவில்லை. அவருக்கு நினைவு போய்விட்டது, ஐயா, கால்களுக்குப் போகவில்லை. இன்றைக்கும் அவர் பலகை எழுதத்தான் புறப்படுகிறார். பஸ் ஏறி ஆஸ்டின் டவுன் போகிறார். பழைய படிப்பகம் இருந்த இடத்தில் நிற்கிறார். பலகையைத் தேடுகிறார். அந்த இடத்தில்தான் இன்று சௌம்யாவின் பேக்கரி. சௌம்யா உடனே வரி போட்டுவிட்டார்: 'உத்தமன் ஐயா இங்கே இருக்கிறார்.' வரி ஸ்ரீராம்புரம் வந்தும் சேர்ந்துவிட்டது.

அன்னம்மாள் அம்மா பலகையைத் திறந்தார். முதலில் என்ன வந்தது தெரியுமா? நம் தலைவரின் மைசூர் பேட்டா வந்தது! பாராட்டு விழாவில் அணிவித்தார்களே, சரிகை போட்ட தலைப்பாகை, அது. பிறகு நெற்றி வந்தது. பிறகு சந்தனப் பொட்டு. மூக்கு வருவதற்குள் சிக்னல் போய்விட்டது. மறுபடி திறந்தார். மறுபடி பேட்டா. மறுபடி நெற்றி. அவர் கணவர் இருக்கும் இடம் அத்தனை படங்களுக்கும் அடியில் கிடந்தது. அந்த அம்மா கையைச் சன்னலுக்கு வெளியே மழையில் நீட்டிக்கொண்டு, தலைவரின் நெற்றியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"போன் போட்டா ஆவாதா?" என்கிறார் அங்கே ஒரு பெரியவர். நியாயமான கேள்வி. சௌம்யா போட்டாரே! மழையில் அழைப்பு போகவில்லை. போனாலும், அந்த அம்மா தேடித் தெருவில் ஓடிய நேரத்தில் யார் எடுப்பது? அதுவும் சௌம்யாவிடமாவது நம்பர் இருந்தது. வழியில் பார்க்கிற எத்தனையோ பேரிடம் இருக்குமா? கூப்பிட்ட குரல் அடங்கிவிடும். எழுதிய வரி காத்திருக்கும்.

கடையில் கூட்டம். சௌம்யா ஒரு கணம் திரும்பினார். உத்தமன் அடுத்த பலகைக்குப் புறப்பட்டுவிட்டார். மறுநாள் பால் வண்டி வரும் நேரத்தில், பிரேசர் டவுனில், பழைய பலகை மாட்டியிருந்த சுவருக்குப் பக்கத்தில், நனைந்த சட்டையோடு அவரைக் கண்டார்கள். ஆணி இருந்த துளையில் விரலை வைத்துக்கொண்டு நின்றிருந்தாராம். அதனால் வந்த காய்ச்சலிலிருந்து அவர் மீண்டு வர மாதங்கள் ஆயின.

அன்று காலை தலைவர் படிப்பகத்துக்கு வந்தார். உட்காரவில்லை. "தர்ஷினி, மொதல்ல என் மூஞ்சிய எடும்மா" என்றார். எடுத்தார்கள். எல்லா முகங்களும் போயின. அதற்குப் பிறகு உத்தமன் எத்தனையோ முறை புறப்பட்டிருக்கிறார். அத்தனை முறையும் இருட்டுவதற்குள் வீடு வந்திருக்கிறார்.

இன்று ஒரு தீர்மானம் வருகிறது. மூன்று பெட்டிகளையும் அணைத்துவிட்டு, கைப்பேசியில் பளபளவென்று படம் ஓடும், அந்தக் கடல் கடந்த முதலாளியின் பெரிய இடத்துக்கே எல்லோரும் போய்விடலாம் என்பது தீர்மானம். செயலாளர் முன்மொழியப் போகிறார். அவர் எண்ணத்தில் குறையில்லை. "எல்லாரும் அங்கதான் சார் இருக்காங்க" என்கிறார். உண்மைதான். ஆனால் நான் கேட்கிறேன்: எல்லோரும் இருக்கும் இடத்தில் உத்தமன் இருப்பாரா? அங்கே முதலில் வருவது யாருடைய முகம்? யாருடைய விளம்பரம்? அந்த வெள்ளத்துக்கு அடியில், 'ஐயா இங்கே இருக்கிறார்' என்ற ஒரு வரி எத்தனையாவதாக வரும்? அன்று மூன்று பேட்டைகளின் செய்தியைத் தலையில் சுமந்து மழையில் மிதித்தவர், இன்று தாமே செய்தியாகி, யாராவது சுமந்து வரமாட்டார்களா என்று ஏதோ ஒரு சுவரோரம் நிற்கிறார்! நாம் சுமக்க வேண்டாமா? அவர் சுமந்த நம் சுகத்தை, அவர் சுமந்த நம் துக்கத்தை, ஒரே ஒரு வரியாக நாம் திருப்பிச் சுமக்க வேண்டாமா?

பொறுங்கள். கைதட்டலைக் கொஞ்சம் நிறுத்துங்கள். அன்னம்மாள் அம்மா எழுந்து நிற்கிறார்.

என்னம்மா? வந்திருக்கிறதா? தர்ஷினி, அந்தக் கைப்பேசியை இங்கே கொடுங்கள். என் கண்ணாடி எங்கே? இதோ படிக்கிறேன், எல்லோரும் கேளுங்கள்: 'உத்தமன் ஐயா எங்க கடையில். பன் சாப்பிடறார். யாராவது வர்ற வரைக்கும் விடமாட்டேன். சௌம்யா.'

இந்த மண்டபத்தில் என் போனில் ஒரு கோடுகூட இல்லை, ஐயா. அந்த அம்மாவின் போனில் ஒரு கோடு. அந்த ஒரு கோட்டில் வந்திருக்கிறது!

ரகுராம், எங்கே எழுந்து போகிறீர்கள்? தீர்மானம் இருக்கிறதே! என்ன? சத்தமாகச் சொல்லுங்கள். "தீர்மானம் கெடக்கட்டும் சார், என் பைக் சாவி எங்க? நான் போய்க் கூட்டிட்டு வரேன்." போங்கள், நிதானமாக ஓட்டுங்கள். அந்தச் சால்வையையும் எடுத்துக்கொண்டு போங்கள். வெளியே காற்று குளிராக இருக்கிறது.

அன்னம்மாள் அம்மா, வழக்கப்படி இது உங்கள் வரி. படித்தாயிற்று. நீங்களே அழிக்கலாம்.

அந்த அம்மா தலையசைக்கிறார். ஒலிபெருக்கி இல்லாமல் சொல்கிறார், பின்வரிசைக்கு நான் திருப்பிச் சொல்கிறேன்: "இருக்கட்டும் சார். அவரு வந்து ஒக்காரட்டும், அப்பறம் அழிக்கிறேன்."

அது வரை அந்த வரி இருக்கட்டும். என்னைப் பேச அழைத்தவர்களுக்கும், பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், இங்கே இல்லாத சௌம்யாவுக்கும் என் நன்றி. அடுத்தவருக்காக அடியில் இடம் விட வேண்டும் என்பது நம் பலகையின் முறை. இதோ, விட்டு அமர்கிறேன். வணக்கம்.