முப்பத்திநாலு மாடி இறக்கம்

— பெல்ட்டை இறுக்கிப் புடிச்சுக்குங்க, தனூதா மேடம். இந்த நாற்காலி படியில சறுக்கிட்டு இறங்கும். மாவுக்கட்டுக் காலை மட்டும் நீட்டிடாதீங்க.

— பேசாம இறக்கு, விதோல்த். தீ மணிச் சத்தத்துல காதே கிழியுது.

— லிஃப்ட் நின்னுபோச்சு, முப்பத்திநாலு மாடி! என் முட்டி ரெண்டும் கெஞ்சுது. மாடிக்கு ஒரு தீக்காவலர்னு என் தலையில கட்டினாங்களே, அன்னைக்கே மாட்டேன்னு சொல்லியிருக்கணும்.

— மத்தவங்க?

— ஓடியே போயிட்டாங்க. டைரக்டர்தான் முதல் ஆளு. கோட்டைக்கூட எடுக்கல.

— சுவத்துல இடிக்காதே.

— சரி விடுங்க. ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?

— கோவிச்சுக்குவேன்.

— நாளைக்கு எனக்கு அறுபத்தொண்ணு. பொறந்தநாள்காரன்தான் ஆபீசுக்கு கேக் கொண்டாரணும். முப்பது துண்டு சீஸ் கேக் சொல்லி வெச்சிருக்கேன். வாங்கவா, வேண்டாமா?

— கேக்கைப் பத்தியா கேக்குற?

— இல்லதான். அறுபத்தஞ்சுல ஓய்வு. அதுக்கு நாலே வருஷம் இருக்குற ஆளை வெளிய அனுப்பக் கூடாதுன்னு சட்டம். நாளையிலேருந்து என்மேல கைவைக்க முடியாது. இன்னைக்கு முடியும். ஆளெடுக்கறது, அனுப்பறது எல்லாம் உங்க மேசை வழியாத்தானே போகுது?

— எத்தனையாவது மாடி இது?

— இருபத்தொண்ணு. பேச்சை மாத்தாதீங்க.

— நிறுத்து. படியில உக்காரு. லெட்டர் ரெடி, விதோல்த். காலையில நான்தான் டைப் பண்ணேன். உன்னைச் சேத்தப்பவும் நான்தான் பண்ணேன்.

— இருபத்திரண்டு வருஷம்... இந்த வயசுல வார்சாவுல எவன் என்னை எடுப்பான்? வீட்டுல அவளும் படுத்த படுக்கை. சரி விடுங்க. கீழ போய்க் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.

— டைரக்டரே இன்னும் போடல. பேனாவைத் திறந்துட்டு, கம்பெனி முத்திரை எங்கன்னாரு. எடுக்கறேன்னு கம்பை ஊனிக்கிட்டு வெளிய வந்தேன். மணி அடிச்சுருச்சு.

— லெட்டர் இப்ப எங்க?

— மேல, அவரு மேசையில.

— யாரையாவது அனுப்பி எடுத்துக்குவாரு.

— தீயணைப்புக்காரங்க நாப்பது மாடியும் பாத்து முடிக்காம ஈயைக்கூட உள்ள விடமாட்டாங்க. சாயங்காலம் ஆயிடும். அவருக்கு ஆறு மணிக்கு விமானம்.

— அப்ப இன்னைக்கு...

— இன்னைக்குக் கிடையாது. நாளைக்கு முடியாது. கேக்கை வாங்கிக்கோ. எழுந்திரு, இன்னும் இருபது மாடி கெடக்கு.

— கண்ணெல்லாம் நெறைஞ்சுக்கிட்டு வருது, தனூதா மேடம். எங்கயும் புகைகூடக் காணோம் பாருங்க. எந்தக் கிறுக்கன் மணிப்பெட்டிக் கண்ணாடியை உடைச்சு மணியை அடிச்சானோ! ஆள் மட்டும் கெடச்சா, அந்தக் கையைப் புடிச்சு முத்தமே குடுப்பேன்.

— இந்தா, வலது கை. கண்ணாடி கொஞ்சம் கீறிருச்சு, பாத்துக் குடு.